டெபியனில் சிறிய மெயில் சர்வர்: போஸ்ட்ஃபிக்ஸ், டவ்காட் அமைப்பில் எதை முதலில் செய்வது?

கரிசல்மண்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் வாசகசாலைக்குச் சொந்தமாக ஒரு டொமைன் இருக்கிறது. செயலாளர், பொருளாளர், நூலகர் என ஏழெட்டுப் பேருக்கு அந்த டொமைனிலேயே மெயில் முகவரி தர வேண்டும் என்பது நிர்வாகக் குழுவின் விருப்பம். மாத வாடகைக்கு ஒரு விபிஎஸ் (மெய்நிகர் சர்வர்) எடுத்து டெபியன் 13 லினக்ஸை நிறுவியிருக்கிறேன். ஒரு ஜிபி நினைவகமும் நிலையான ஐபி முகவரியும் உண்டு. இணையத்தில் கிடைத்த ஒரு நீண்ட வழிகாட்டியைப் பார்த்து, மெயிலை வாங்கி அனுப்பும் போஸ்ட்ஃபிக்ஸ், பெட்டியிலுள்ள மெயிலைப் படிக்கத் தரும் டவ்காட், மரியாடிபி தரவுத்தளம், ஸ்பேம் வடிகட்டி, வெப்மெயில் ஆகிய அனைத்தையும் ஒன்றன்பின் ஒன்றாக நிறுவினேன்.

இப்போதைய நிலை இதுதான். வெளியிலிருந்து எங்கள் முகவரிக்கு அனுப்பும் மெயில், 554 என்ற எண்ணுடனும் 'ரிலே அக்சஸ் டினைடு' என்ற செய்தியுடனும் திரும்பிவிடுகிறது. டவ்காட் தொடங்கவே மறுக்கிறது. கான்ஃபிக் கோப்பின் முதல் வரியில் ஏதோ பதிப்பு எண் வேண்டும் என்கிறது. என்ன நடக்கிறது என்று பார்க்கலாம் என்றால், வழிகாட்டியில் சொல்லப்பட்ட மெயில்.லாக் என்ற கோப்பே வார்-லாக் அடைவில் இல்லை. எங்கிருந்து தொடங்குவது என்று சொல்லுங்கள்.

முனையம்

கரிசல்மண் அவர்களுக்கு வணக்கம். நீங்கள் சொன்ன மூன்று சிக்கல்களுக்கும் ஒன்றோடொன்று தொடர்பில்லை. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் நிறுவியதால்தான் அவை ஒரே முடிச்சாகத் தெரிகின்றன.

முதலில் லாக். டெபியன் 12 முதல், லாகைக் கோப்பாக எழுதும் ஆர்சிஸ்லாக் இயல்பாக நிறுவப்படுவதில்லை. எல்லாச் செய்திகளும் சிஸ்டம்டியின் ஜர்னலுக்குள் போய்விடுகின்றன. ஜர்னல்சிடிஎல் கட்டளைக்கு போஸ்ட்ஃபிக்ஸ் என்ற யூனிட் பெயரைக் கொடுத்து, தொடர்ந்து காட்டும்படி மைனஸ் எஃப் சேர்த்து, ஒரு முனைய ஜன்னலை அதற்கென்றே திறந்து வைத்துக்கொள்ளுங்கள். பழைய வழக்கப்படி கோப்பாகத்தான் வேண்டும் என்றால் ஆர்சிஸ்லாக் தொகுப்பை நிறுவினால் போதும். லாகைப் பார்க்காமல் மெயில் சர்வரில் ஒரு வரியைக்கூட மாற்றாதீர்கள்.

அடுத்து டவ்காட். டெபியன் 13இல் வருவது டவ்காட் 2.4. இந்தப் பதிப்பில் கான்ஃபிக் இலக்கணமே மாறிவிட்டது. கோப்பின் முதல் வரியாக டவ்காட்_கான்ஃபிக்_வெர்ஷன் இருந்தே ஆக வேண்டும். மெயில்_லொகேஷன் என்ற ஒற்றை அமைப்பு போய், மெயில்_டிரைவர், மெயில்_பாத் என்று இரண்டாகப் பிரிந்துவிட்டது. சான்றிதழைச் சுட்டும் வரியின் பெயரும் மாறிவிட்டது. நீங்கள் பின்பற்றிய வழிகாட்டி 2.3ஆம் பதிப்புக்கு எழுதப்பட்டது என்று நினைக்கிறேன். அதன் கோப்புகளை அப்படியே ஒட்டினால் இந்த டவ்காட் எழுந்திருக்காது. தொகுப்போடு வந்த மூலக் கோப்புகளை மீட்டுக்கொண்டு, தேவையான நான்கைந்து வரிகளை மட்டும் கையால் மாற்றுங்கள்.

554 செய்தியைப் பொறுத்தவரை உங்கள் சர்வர் தன் கடமையைச் சரியாகத்தான் செய்கிறது. 'இந்த டொமைன் என்னுடையது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. பிறருக்கான மெயிலை நான் சுமக்க மாட்டேன்' என்பதே அதன் பொருள். மெயின்.சிஎஃப் கோப்பில் மைடெஸ்டினேஷன் என்ற வரியைப் பாருங்கள். அதில் சர்வரின் முழுப்பெயரும் லோக்கல்ஹோஸ்ட்டும் இருக்கும். வாசகசாலையின் டொமைன் இருக்காது. அதைச் சேர்த்து போஸ்ட்ஃபிக்ஸை ரீலோட் செய்யுங்கள். அதே டொமைனை விர்ச்சுவல்_மெயில்பாக்ஸ்_டொமைன்ஸ் வரியிலும் வழிகாட்டி சேர்க்கச் சொல்லியிருக்கும். இரண்டிலும் இருக்கக் கூடாது என்று லாகே எச்சரிக்கும். ஏதாவது ஒன்றில் மட்டும் இருக்கட்டும்.

இந்தச் செய்தியைப் பார்த்ததும் பலர் மைநெட்வொர்க்ஸ் வரியில் உலகத்து ஐபி முகவரிகள் அனைத்தையும் சேர்த்துவிடுகிறார்கள். மெயில் அப்போது தடையின்றிப் போகும், வரும். ஆனால் யார் வேண்டுமானாலும் உங்கள் சர்வர் வழியாக யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம் என்றாகிவிடும். திறந்த ரிலேயைத் தேடி அலையும் நிரல்கள் அதைக் கண்டுபிடிக்க வெகுநேரம் ஆகாது. அந்த வரியில் 127.0.0.0/8 மட்டும் இருக்கட்டும்.

ஏழெட்டுப் பேருக்கு மரியாடிபி எதற்கு? அதை நீக்கிவிடுங்கள். வெப்மெயிலையும் ஸ்பேம் வடிகட்டியையும் இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு யூனிக்ஸ் பயனர் கணக்கை உருவாக்கி, உள்நுழைய முடியாதபடி அதன் ஷெல்லை நோலாகின் என்று வைத்தால் போதும். முதலில் சர்வருக்குள்ளேயே ஒரு பயனரிடமிருந்து இன்னொருவருக்கு மெயில் போகட்டும். பிறகு வெளியிலிருந்து வரட்டும். பிறகு ஐமேப் (மெயில் செயலிகள் பெட்டியைப் படிக்கும் முறை) வழியாகப் படியுங்கள். வெளியே அனுப்புவது கடைசியில்தான். ஒரு படி உறுதியாகாமல் அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

பழஞ்சேவகன்

முனையம் சொன்ன வரிசையை வழிமொழிகிறேன். கூடவே ஒரு பயிற்சி. மெயில் நிரல் எதையும் தொடாமல், சர்வர்கள் மெயிலைக் கைமாற்றும் எஸ்எம்டிபி உரையாடலை ஒருமுறையேனும் உங்கள் கையால் தட்டச்சு செய்து பாருங்கள்.

டெல்நெட்டில் சர்வரின் பெயரையும் 25 என்ற போர்ட் எண்ணையும் கொடுத்தால், 220 என்று தொடங்கும் வரவேற்பு வரி வரும். ஈஹெலோ என்று தட்டி உங்கள் கணினியின் பெயரைச் சொன்னால், சர்வர் தன்னால் இயன்றவற்றை 250 என்று தொடங்கும் வரிகளில் பட்டியலிடும். மெயில் ஃப்ரம் என்று அனுப்புநர் முகவரியைக் கொடுங்கள், 250. ஆர்சிபிடி டூ என்று பெறுநர் முகவரியைக் கொடுங்கள். உங்கள் டொமைன் முகவரிக்கு 250 வர வேண்டும். வேறு எந்த டொமைன் முகவரிக்கும் மறுப்பு வர வேண்டும். இந்த இரண்டு பதில்களையும் கண்ணால் பார்த்துவிட்டால், உங்கள் சர்வர் திறந்த ரிலே அன்று என்பதை வேறு யாரும் வந்து சொல்லத் தேவையில்லை. பிறகு டேட்டா, 354 வரும். செய்தியை எழுதி, தனி வரியில் ஒரே ஒரு புள்ளி வைத்து என்டர் தட்டுங்கள். '250, கியூவில் சேர்ந்தது' என்ற பதிலோடு ஒரு அடையாள எண் வரும்.

அந்தக் கடைசி 250 சாதாரணமானதன்று. அந்த நொடியிலிருந்து அந்த மெயிலுக்கு உங்கள் சர்வரே பொறுப்பு. அனுப்பிய சர்வர் தன் பிரதியை அழித்துவிடும். அதனால்தான் இல்லாத பயனருக்கு வரும் மெயிலை ஆர்சிபிடி கட்டத்திலேயே 550 சொல்லி மறுக்க வேண்டும். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு பிறகு திருப்பி அனுப்பினால், ஸ்பேம்காரர்கள் பொய்யாகப் போட்ட அனுப்புநர் முகவரிக்கெல்லாம் நீங்கள் குப்பை அனுப்புகிறவர் ஆவீர்கள். போஸ்ட்ஃபிக்ஸின் இயல்பான அமைப்பு பயனர் பட்டியலையும் மாற்றுப்பெயர்க் கோப்பையும் பார்த்துத்தான் ஏற்கும். லோக்கல்_ரெசிபியன்ட்_மேப்ஸ் வரியைக் காலியாக வைக்கச் சொல்லும் வழிகாட்டிகளை நம்பாதீர்கள்.

போஸ்ட்ஃபிக்ஸின் கட்டமைப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1988ஆம் ஆண்டு நவம்பரில் மோரிஸ் வார்ம் என்ற தீநிரல் பரவியபோது, அன்றைய மெயில் சர்வரான சென்ட்மெயிலில் திறந்து விடப்பட்டிருந்த டிபக் வசதியும் அது நுழைந்த வழிகளுள் ஒன்று. ரூட் என்ற முழு நிர்வாக அதிகாரத்துடன் ஓடும் ஒரே பெரிய நிரலாக மெயில் சர்வர் இருந்த காலம் அது. வீட்சே வெனேமா ஐபிஎம்மில் இருந்தபோது எழுதி 1998இல் வெளியான போஸ்ட்ஃபிக்ஸ், அதே வேலையைப் பல சிறு நிரல்களாகப் பிரித்தது. வாசலில் நின்று வாங்குவது ஒன்று. சுத்தம் செய்து கியூவில் வைப்பது ஒன்று. கியூவை நடத்துவது ஒன்று. பெட்டியில் போடுவது ஒன்று. லாகைப் படிக்கும்போது இந்தப் பிரிவு உங்களுக்கு உதவும். ஒவ்வொரு வரியிலும் எந்தச் சிறுநிரல் பேசுகிறது என்பது எழுதப்பட்டிருக்கும்.

கரிசல்மண்

இருவருக்கும் நன்றி. மரியாடிபியையும் வெப்மெயிலையும் நீக்கிவிட்டேன். மைடெஸ்டினேஷனில் டொமைனைச் சேர்த்தேன். சர்வருக்குள் ஒரு பயனரிடமிருந்து இன்னொருவருக்கு மெயில் போகிறது. ஜர்னலில் 'சென்ட்' என்று தெளிவாகப் பதிவாகிறது. டவ்காட்டும் எழுந்துவிட்டது. ஆனால் தண்டர்பேர்டில் திறந்தால் இன்பாக்ஸ் காலியாக இருக்கிறது. இன்னொரு சந்தேகமும் உண்டு. வீட்டிலிருந்து டெல்நெட்டில் 25ஐத் தொட்டால் எந்தப் பதிலும் இல்லாமல் அப்படியே நிற்கிறது. ஃபயர்வாலில் அந்தப் போர்ட்டைத் திறந்துதான் வைத்திருக்கிறேன்.

முனையம்

இன்பாக்ஸ் காலியாக இருப்பதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். போஸ்ட்ஃபிக்ஸ் இயல்பாக வார்-மெயில் அடைவில் பயனர் பெயர் கொண்ட ஒற்றைக் கோப்பில், எம்பாக்ஸ் வடிவில், மெயிலைச் சேர்க்கிறது. டவ்காட்டை வீட்டு அடைவில் உள்ள மெயில்டிரில் (ஒவ்வொரு மெயிலும் தனிக் கோப்பாக இருக்கும் அடைவு) தேடும்படி நீங்கள் அமைத்திருப்பீர்கள். ஒருவர் போடும் இடம் வேறு, மற்றவர் பார்க்கும் இடம் வேறு. மெயின்.சிஎஃப் கோப்பில் ஹோம்_மெயில்பாக்ஸ் என்ற வரிக்கு மெயில்டிர் என்று கொடுத்து, இறுதியில் சாய்கோட்டை மறக்காமல் இட்டால், போஸ்ட்ஃபிக்ஸும் அங்கேயே போடும். சாய்கோடு இல்லையென்றால் அந்தப் பெயரில் ஒரு கோப்பை உருவாக்கிக்கொள்ளும். டவ்காட் பக்கத்தில், இன்பாக்ஸை மட்டும் வார்-மெயிலுக்குத் திருப்பும் மெயில்_இன்பாக்ஸ்_பாத் என்ற வரி எங்கேனும் இருந்தால் அதை நீக்கிவிடுங்கள்.

இதைவிட நல்ல வழி, பெட்டியில் போடும் வேலையையும் எல்எம்டிபி என்ற ஒப்படைப்பு முறை வழியாக டவ்காட்டிடமே கொடுத்துவிடுவது. பிற்காலத்தில் சீவ் விதிகளைக் கொண்டு மெயிலை வகைபிரிக்க அது வசதியாக இருக்கும். அந்த வழியில் ஒரு பொறி உண்டு. போஸ்ட்ஃபிக்ஸ் முழு முகவரியை ஒப்படைக்கும். டவ்காட்டோ அந்த முழு முகவரியையே பயனர் பெயராகக் கொண்டு சிஸ்டம் கணக்குகளில் தேடி, அப்படி ஒருவர் இல்லை என்று 550 சொல்லும். ஆத்_யூசர்நேம்_ஃபார்மட் அமைப்பில் @ குறிக்கு முன்னால் உள்ள பகுதியை மட்டும் எடுக்கச் சொன்னால் சரியாகிவிடும்.

அஞ்சல்முத்திரை

டெல்நெட் நிற்பதற்குக் காரணம் உங்கள் சர்வராக இருக்காது. வீட்டு இணைப்புகளிலிருந்து வெளியே செல்லும் 25ஆம் போர்ட்டை இணையச் சேவை நிறுவனங்கள் பொதுவாக மூடி வைத்திருக்கும்; வைரஸ் தொற்றிய வீட்டுக் கணினிகள் ஸ்பேம் அனுப்பாமல் இருக்க அது தேவையான தடைதான். வேறொரு நிறுவனத்தின் விபிஎஸ்ஸிலிருந்தோ, நண்பரின் சர்வரிலிருந்தோ சோதித்துப் பாருங்கள்.

உங்கள் விபிஎஸ் நிறுவனமும் வெளிச்செல்லும் 25ஆம் போர்ட்டை மூடியிருக்கிறதா என்பதை இப்போதே பார்த்துவிடுங்கள். பெரிய கிளவுட் நிறுவனங்கள் பலவற்றில் அது இயல்பாகவே மூடியிருக்கும். சிலவற்றில் கேட்டால் திறந்து தருவார்கள். சிலவற்றில் என்ன கேட்டாலும் கிடையாது. திறக்க மாட்டார்கள் என்றால் மற்ற வேலைகளைச் செய்யும் முன்பே நீங்கள் முடிவெடுக்க வேண்டியிருக்கும்.

அவர்களிடம் கேட்கும்போது ரிவர்ஸ் டிஎன்எஸ்ஸையும் (ஐபியிலிருந்து பெயரைக் காட்டும் பதிவு) சேர்த்துக் கேளுங்கள். ஐபி முகவரிக்குரிய பிடிஆர் பதிவை உங்கள் டொமைனின் டிஎன்எஸ் பக்கத்தில் போட முடியாது. அந்த ஐபி யாருக்குச் சொந்தமோ அவர்கள்தான் போட முடியும். பல நிறுவனங்கள் தங்கள் கட்டுப்பாட்டுப் பலகத்திலேயே அதற்கு ஒரு கட்டம் வைத்திருக்கின்றன. பிடிஆர் சொல்லும் பெயரும், அந்தப் பெயருக்குரிய ஏ பதிவு சொல்லும் ஐபியும், போஸ்ட்ஃபிக்ஸ் ஈஹெலோவில் சொல்லும் மைஹோஸ்ட்நேமும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். விபிஎஸ்ஸில் ஐபிவி6 இருந்தால் அதற்கும் தனியே பிடிஆர் வேண்டும். அது இல்லாமல் ஐபிவி6 வழியாக ஜிமெயிலுக்கு அனுப்பினால் மறுப்புத்தான் வரும். அமைக்க முடியவில்லை என்றால் ஐநெட்_புரோட்டகால்ஸ் வரியில் ஐபிவி4 மட்டும் போதும் என்று சொல்லிவிடலாம்.

டொமைனுக்கு வரும் மெயிலை எந்தச் சர்வர் வாங்கும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவு ஒரு பெயரைச் சுட்ட வேண்டும். நேரடியாக ஐபியைச் சுட்டக் கூடாது. அந்தப் பெயர் சிநேமாகவும் (வேறொரு பெயரைச் சுட்டும் மாற்றுப்பெயர்ப் பதிவு) இருக்கக் கூடாது.

நீலத்தாமரை

டெபியன்தான் வேண்டும் என்ற கட்டாயம் இல்லையென்றால், ஓப்பன்பிஎஸ்டி இயங்குதளத்தையும் ஒருமுறை பாருங்கள் என்று பரிந்துரைப்பேன். ஓப்பன்எஸ்எம்டிபிடி அதன் அடிப்படை அமைப்போடே வருகிறது. 2014இல் வெளியான 5.6ஆம் பதிப்பிலிருந்து இயல்பான மெயில் சர்வர் அதுதான். கான்ஃபிக் கோப்பு ஒரு திரைக்குள் அடங்கிவிடும். எந்த முகப்பில் கேட்பது, வந்த மெயிலை என்ன செய்வது, எந்த மெயிலுக்கு எந்தச் செயல் என்று மூன்று வகை வரிகள் மட்டுமே. 'எங்கிருந்து வந்தாலும், இந்த டொமைனுக்கானால், மெயில்டிரில் போடு' என்பதைக் கிட்டத்தட்ட அப்படியே எழுதலாம். எங்கிருந்து வந்தாலும் என்பதைச் சொல்லாமல் விட்டால், சர்வருக்குள்ளிருந்து வரும் மெயிலுக்கு மட்டுமே அந்த விதி பொருந்தும். அதனால் கவனக்குறைவால்கூடத் திறந்த ரிலே ஆவது கடினம். 2018இல் 6.4ஆம் பதிப்போடு இலக்கணம் மாறியது; அதற்கு முந்தைய எடுத்துக்காட்டுகளைத் தவிர்த்துவிடுங்கள்.

பழஞ்சேவகன்

கோப்பு சிறியதாக இருப்பதால் மட்டும் ஆபத்து குறைந்துவிடாது, நீலத்தாமரை. 2020 ஜனவரியில் வெளிப்பட்ட ஓப்பன்எஸ்எம்டிபிடி ஓட்டையில், அனுப்புநர் முகவரி என்ற இடத்தில் கட்டளையை எழுதி ரூட்டாகவே இயக்க முடிந்தது. எக்சிம் என்ற மெயில் சர்வருக்கு 2019இல் அதே நிலை ஏற்பட்டது. எதைத் தேர்ந்தாலும் பாதுகாப்புத் திருத்தங்களைத் தானாக நிறுவும் ஏற்பாடு வேண்டும். டெபியனில் அன்அட்டென்டெட்-அப்கிரேட்ஸ் அதற்கென்றே இருக்கிறது.

நீலத்தாமரை

ஏற்றுக்கொள்கிறேன். கரிசல்மண் ஏற்கெனவே டெபியனில் பாதி தூரம் வந்துவிட்டார் என்பதால், குதிரையை மாற்றச் சொல்லவும் எனக்கு மனமில்லை.

கரிசல்மண்

விபிஎஸ் நிறுவனம் பிடிஆரை மாற்றிக்கொடுத்துவிட்டது; 25ஆம் போர்ட்டையும் திறந்துவிட்டார்கள். வெளியிலிருந்து வரும் மெயில் தண்டர்பேர்டில் தெரிகிறது. இனி அனுப்பும் பக்கம். உறுப்பினர்கள் தங்கள் கைபேசியிலிருந்து அனுப்ப 587 போதுமா, 465 வேண்டுமா? அத்துடன், பொருளாளர் தம் பழைய ஜிமெயிலை விட்டு வர மறுக்கிறார். அவருக்கு வரும் அனைத்தையும் அங்கே திருப்பிவிடச் சொல்கிறார். மாற்றுப்பெயர்க் கோப்பில் ஒரு வரி சேர்த்தால் போதுமல்லவா?

முனையம்

465இல் தொடக்கத்திலிருந்தே மறைகுறியாக்கம் உண்டு. 587இல் வெறும் இணைப்பாகத் தொடங்கி ஸ்டார்ட்டிஎல்எஸ் மூலம் மாறும். 2018இல் வந்த ஆர்எஃப்சி 8314 முன்னதையே விரும்பச் சொல்கிறது. மாஸ்டர்.சிஎஃப் கோப்பில் இரண்டுக்குமான பகுதிகள் விளக்கக் குறியோடு தயாராக இருக்கும். 465க்குரிய பகுதியைத் திறந்துவிடுங்கள். கடவுச்சொல் சரிபார்ப்பை டவ்காட்டிடம் விடலாம். போஸ்ட்ஃபிக்ஸின் ஸ்பூல் அடைவில் உள்ள பிரைவேட் அடைவில் ஆத் என்ற சாக்கெட்டை டவ்காட் உருவாக்கும்படி செய்து, உரிமையாளர் போஸ்ட்ஃபிக்ஸ் என்று வைத்தால் இரண்டும் பேசிக்கொள்ளும். மெயின்.சிஎஃப்பில் அந்தப் பாதையை பிரைவேட் என்று தொடங்கி எழுத வேண்டும். முழுப் பாதை வேண்டாம்.

கடவுச்சொல் வாங்கும் வசதி 25ஆம் போர்ட்டில் இருக்கவே கூடாது. அங்கே வருபவை பிற சர்வர்கள் மட்டுமே. அவற்றுக்கு உங்கள் கடவுச்சொல்லோடு வேலை இல்லை. எஸ்ஏஎஸ்எல் என்ற அந்தக் கடவுச்சொல் அமைப்பை மெயின்.சிஎஃப்பில் பொதுவாக இயக்காமல், மாஸ்டர்.சிஎஃப்பில் 465க்கு மட்டும் இயக்குங்கள். திறந்த சில மணி நேரத்திலேயே கடவுச்சொல்லை ஊகிக்கும் முயற்சிகள் ஜர்னலில் வரிசையாகத் தெரியத் தொடங்கும். அவற்றைக் கண்டு பதற வேண்டாம். அந்த ஐபிகளைத் தடுக்கும் ஃபெயில்டூபேன் வைத்து, நீண்ட கடவுச்சொற்களைக் கொடுத்தால் போதும்.

அஞ்சல்முத்திரை

பொருளாளரின் ஜிமெயிலுக்குத் திருப்பிவிடும் யோசனையை நான் கடுமையாக எதிர்க்கிறேன். ஒரு வரிதான், செய்வதும் எளிது. ஆனால் அவருக்கு வரும் ஸ்பேமும் அந்த வரி வழியாகவே போகும். ஜிமெயிலின் கண்ணில், அந்த ஸ்பேமை அனுப்பியது உங்கள் ஐபிதான். உங்களைப் போன்ற சிறு சர்வர் நாளொன்றுக்கு இருபது நல்ல மெயில்களை அனுப்பி, முப்பது ஸ்பேம்களைத் திருப்பிவிட்டால் அதற்கு என்ன பெயர் கிடைக்கும் என்று எண்ணிப் பாருங்கள். திருப்பிவிடும்போது, அனுப்பும் ஐபிக்கு டொமைனின் அனுமதி உண்டா என்று பார்க்கும் எஸ்பிஎஃப் சோதனையும் தோற்கும். ஏனெனில் மூல அனுப்புநரின் டொமைன் உங்கள் ஐபியை அனுமதித்திருக்காது. அதைச் சரிசெய்ய எஸ்ஆர்எஸ் என்ற முகவரி மாற்று முறை இருக்கிறது. அது எஸ்பிஎஃப்பைக் காப்பாற்றும், நற்பெயரைக் காப்பாற்றாது.

பொருளாளரின் கைபேசியில் உள்ள ஜிமெயில் செயலியிலேயே வாசகசாலைக் கணக்கை ஐமேப் கணக்காகச் சேர்த்துக் கொடுங்கள். அதே செயலி, அதே திரை. அவருக்கு வேறுபாடு தெரியாது.

இனி வெளியே அனுப்புவது பற்றி. எஸ்பிஎஃப் பதிவு ஒன்றே ஒன்று இருக்க வேண்டும். இரண்டு இருந்தால் சோதனை பிழையாகிவிடும். எம்எக்ஸில் உள்ள சர்வர் மட்டுமே அனுப்பும், மற்றவை செல்லாது என்று அது சொன்னால் போதும். மெயிலில் டொமைன் இடும் டிகேஐஎம் கையொப்பத்துக்கு ஓப்பன்டிகேஐஎம் இலகுவானது. அதை மில்ட்டராக (போஸ்ட்ஃபிக்ஸோடு இணையும் வடிகட்டி) இணைக்கும்போது எஸ்எம்டிபிடி_மில்ட்டர்ஸ் வரியோடு நான்_எஸ்எம்டிபிடி_மில்ட்டர்ஸ் வரியையும் நிரப்புங்கள். இல்லையென்றால் சர்வருக்குள்ளிருந்தே கிளம்பும் மெயிலுக்குக் கையொப்பம் இருக்காது. 2048 பிட் சாவியின் பொதுப்பகுதி 255 எழுத்துகளைத் தாண்டும். டிஎக்ஸ்டி பதிவில் ஒரு சரத்தின் உச்ச வரம்பு 255 என்பதால் அதை இரண்டு மேற்கோள் சரங்களாகப் பிரித்துப் போட வேண்டும். சில டிஎன்எஸ் பலகங்கள் தாமாகவே பிரித்துக்கொள்ளும். சில எந்தச் செய்தியும் சொல்லாமல் வெட்டிவிடும். போட்ட பிறகு டிக் கட்டளையில் முழுச் சாவியும் வருகிறதா என்று பாருங்கள். இந்தச் சோதனைகளில் தோற்கும் மெயிலை என்ன செய்வது என்று சொல்லும் டிமார்க்கை முதலில் எந்த நடவடிக்கையும் வேண்டாம் என்ற 'நன்' நிலையிலேயே வைத்து, அறிக்கைகள் வர ஒரு முகவரியைக் கொடுங்கள்.

பிறகு உங்கள் ஜிமெயில் ஒன்றுக்கு அனுப்பி, கணினித் திரையில் அந்த மெயிலின் அசலைத் திறந்தால், எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றுக்கும் தேர்ச்சியா என்று மேலேயே காட்டும். 2024 பிப்ரவரி முதல், தனிப்பட்ட ஜிமெயில் கணக்குகளுக்கு அனுப்பும் அனைவருக்கும் எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம், சரியான பிடிஆர், டிஎல்எஸ் ஆகியவை கட்டாயம். நாளொன்றுக்கு 5000 மெயிலைத் தொடுபவர்களுக்கு எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றும் கட்டாயம். அவுட்லுக் பக்கத்தில் மைக்ரோசாஃப்ட்டும் 2025 மே மாதம் அதே அளவில் அதே கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தது. உங்கள் அளவு மிகச் சிறியது என்றாலும் மூன்றையும் அமைத்துவிடுவதே நல்லது.

கரிசல்மண்

மூன்றுக்கும் 'பாஸ்' காட்டுகிறது. ஆனாலும் ஜிமெயிலில் ஸ்பேம் பெட்டிக்குத்தான் போகிறது. இன்னொரு பெரிய சேவையோ ஐபியின் பெயரைச் சொல்லியே மறுக்கிறது.

அஞ்சல்முத்திரை

கையொப்பம் நீங்கள் யார் என்பதை மட்டுமே நிறுவும். நீங்கள் நல்லவர் என்பதை நிறுவாது. விபிஎஸ் முகவரிகள் கை மாறிக்கொண்டே இருப்பவை. உங்களுக்கு முன் அந்த ஐபியை வைத்திருந்தவர் என்ன செய்தாரோ தெரியாது. பக்கத்து ஐபிகளில் இருப்பவர்கள் செய்வதற்கும் உங்கள் தலையில் பங்கு விழும். ஸ்பேம் அனுப்பும் ஐபிகளைப் பட்டியலிடும் ஸ்பாம்ஹவுஸ் தளத்தில் ஐபியைக் கொடுத்துப் பாருங்கள். பட்டியலில் இருந்தால் நீக்கக் கோரலாம். மறுத்த சேவையின் பதிலிலேயே பெரும்பாலும் ஒரு இணைப்பு இருக்கும்; அதில் உள்ள படிவத்தை நிரப்புங்கள். ஜிமெயிலைப் பொறுத்தவரை, உங்கள் உறுப்பினர்கள் அதை ஸ்பேம் பெட்டியிலிருந்து எடுத்துப் பதில் எழுதினால் நிலைமை மெல்ல மாறும்.

பொறுமை இல்லையென்றால், வெளிச்செல்லும் மெயிலை மட்டும் ஒரு ரிலே சேவையின் வழியாக அனுப்புங்கள். மெயின்.சிஎஃப்பில் ரிலேஹோஸ்ட் என்ற ஒரே வரி. சேவையின் பெயரைச் சதுர அடைப்புக்குறிக்குள் எழுத வேண்டும். அப்போதுதான் போஸ்ட்ஃபிக்ஸ் அதன் எம்எக்ஸைத் தேடிப் போகாமல் அந்தப் பெயரையே நேராக அணுகும். எஸ்பிஎஃப்பில் அந்தச் சேவையையும் சேர்க்க வேண்டும்.

பழஞ்சேவகன்

அப்படியானால் அதைச் சொந்த மெயில் சர்வர் என்று எதற்குச் சொல்ல வேண்டும்? நீங்கள் எழுதும் ஒவ்வொரு கடிதமும் மூன்றாமவரின் கைவழியாகப் போகிறது. அவர் கட்டணத்தை உயர்த்தினாலோ கணக்கை முடக்கினாலோ உங்கள் வாய் அடைபட்டுவிடும்.

அஞ்சல்முத்திரை

வரும் கடிதங்களும் பெட்டிகளும் முகவரிகளும் உங்களிடமே இருக்கின்றன. ரிலேக்காரர் பிடிக்கவில்லை என்றால் ஒரு வரியை மாற்றி வேறொருவரிடம் போய்விடலாம். பெட்டிகளை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டவருக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. வாசகசாலையின் ஆண்டுக்கூட்ட அழைப்பு உறுப்பினரின் ஸ்பேம் பெட்டியில் கிடந்தால், அது எவ்வளவு சொந்தமான சர்வரிலிருந்து வந்தது என்பதை யார் பாராட்டப்போகிறார்கள்?

முனையம்

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. டிரான்ஸ்போர்ட்_மேப்ஸ் என்ற அட்டவணையில் தொல்லை தரும் டொமைன்களை மட்டும் ரிலேக்குத் திருப்பி, மற்றவற்றை நேரடியாக அனுப்பலாம். ஒரு குறை உண்டு. சொந்த டொமைனை வைத்துக்கொண்டு பெட்டிகளைக் கூகுளிடமோ மைக்ரோசாஃப்ட்டிடமோ வைத்திருப்பவர்கள் இந்த அட்டவணையில் அகப்பட மாட்டார்கள். எனினும் வாசகசாலை உறுப்பினர்களில் பெரும்பாலோர் வெறும் ஜிமெயில் முகவரி வைத்திருப்பவர்கள் என்றால் இது போதும். ஐபியின் பெயர் தேறிய பிறகு அட்டவணையில் அந்த வரிகளை நீக்கிவிடுங்கள்.

நீலத்தாமரை

வரும் ஸ்பேமைத் தடுப்பது பற்றி யாரும் பேசவில்லையே. ஸ்பாம்ஹவுஸ் பட்டியலைக் கொண்டு 25ஆம் போர்ட்டிலேயே மறுத்தால் பெரும்பகுதி குறைந்துவிடும். ஆனால் ஒரு எச்சரிக்கை. விபிஎஸ் கூகுளின் 8.8.8.8 போன்ற பொது டிஎன்எஸ் வழியாகக் கேட்டால், ஸ்பாம்ஹவுஸ் பட்டியல் விவரத்தைத் தராமல் 127.255.255.254 என்ற பிழைக் குறியீட்டைத் திருப்பும். எந்தப் பதில் வந்தாலும் பட்டியலில் இருப்பதாகக் கருதும்படி போஸ்ட்ஃபிக்ஸை அமைத்திருந்தால், உலகத்திலிருந்து வரும் எல்லா மெயிலும் மறுக்கப்படும். சர்வரிலேயே அன்பவுண்ட் என்ற டிஎன்எஸ் நிரலை நிறுவி அதையே டிஎன்எஸ்ஸாகப் பயன்படுத்துங்கள். விதியிலும் 127.0.0.2 முதல் 127.0.0.11 வரையிலான பதில்களை மட்டுமே மறுப்பாகக் கொள்ளும்படி எல்லையைக் குறிப்பிட்டுவிடுங்கள்.

செவ்வந்தி

இடையில் நுழைவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். வாசகசாலை என்பதால் கேட்கிறேன்: முகவரியையே தமிழில் வைக்க முடியுமா? இந்தியா, இலங்கை, சிங்கப்பூர் என்று முடியும் தமிழ் டொமைன்கள்தாம் இருக்கின்றனவே.

முனையம்

போஸ்ட்ஃபிக்ஸ் 2015இல் வந்த 3.0ஆம் பதிப்பிலிருந்து பிற மொழி முகவரிகளுக்கான எஸ்எம்டிபியூடிஎஃப்8ஐ ஏற்கிறது. ஜிமெயிலும் 2014 முதல் அத்தகைய முகவரிகளோடு மெயில் பரிமாறுகிறது. செயலாளர் என்ற தமிழ் முகவரியை மாற்றுப்பெயராக வைத்து, ரோமன் எழுத்திலுள்ள பயனருக்கு வரைந்துவிடலாம். ஆனால் அந்த முகவரியிலிருந்து அனுப்பும்போது, எதிர்ப்பக்கச் சர்வருக்கு இந்த வசதி இல்லையென்றால் மெயில் திரும்பிவிடும். அதனால் பெறுவதற்குத் தமிழ் முகவரியையும் கொடுங்கள். அனுப்புவதற்கு மற்றதையே பயன்படுத்துங்கள்.

கரிசல்மண்

டிரான்ஸ்போர்ட்_மேப்ஸ் வழியையே எடுத்துக்கொண்டேன். ஜிமெயிலும் அந்த மற்றொரு சேவையும் ரிலே வழியாகவும், மற்றவை நேரடியாகவும் போகின்றன. தமிழ் முகவரியைப் பற்றி நிர்வாகக் குழுவிடம் சொன்னதும் அதற்குத்தான் அதிக வரவேற்பு! மீதம் இரண்டு கேள்விகள். சர்வர் ஒரு நாள் படுத்துவிட்டால் வரும் மெயில் தொலைந்துபோகுமா, அதற்கு இன்னொரு எம்எக்ஸ் வேண்டுமா? சான்றிதழ் புதுப்பிப்பைத் தனியே கவனிக்க வேண்டுமா?

முனையம்

இரண்டாவது எம்எக்ஸ் வேண்டாம். அனுப்பும் சர்வர்கள் தங்கள் கியூவில் வைத்துத் திரும்பத் திரும்ப முயலும். போஸ்ட்ஃபிக்ஸின் இயல்பான காலம் 5 நாள். காவல் குறைவான இரண்டாவது எம்எக்ஸைத்தான் ஸ்பேம்காரர்கள் முதலில் தேடுவார்கள். மெயில்டிர் அடைவுகளை இரவுதோறும் வேறிடத்துக்கு ஆர்சிங்க் கட்டளையால் நகலெடுங்கள். வட்டு நிறையாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். காலியிடம் மெசேஜ்_சைஸ்_லிமிட்டின் ஒன்றரை மடங்குக்குக் கீழே போனால் போஸ்ட்ஃபிக்ஸ் எதையும் வாங்காமல் 452 சொல்லத் தொடங்கும்.

லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் 90 நாள் செல்லும். சர்ட்பாட் தானாகப் புதுப்பிக்கும். ஆனால் டவ்காட் பழைய சான்றிதழையே நினைவில் வைத்திருக்கும். சர்ட்பாட்டின் ரினியூவல்-ஹூக்ஸ் அடைவுக்குள் உள்ள டிப்ளாய் அடைவில், டவ்காட்டையும் போஸ்ட்ஃபிக்ஸையும் ரீலோட் செய்யும் சிறு ஷெல் நிரலை வைத்து, அதற்கு இயக்கும் அனுமதி கொடுத்துவிடுங்கள். காலாவதியாகப் போகிறது என்று முன்பெல்லாம் லெட்ஸ் என்கிரிப்ட் மெயில் அனுப்பும். 2025 ஜூன் முதல் அதையும் நிறுத்திவிட்டார்கள்.

பழஞ்சேவகன்

ஒன்று விட்டுப்போயிற்று. மாற்றுப்பெயர்க் கோப்பில் ரூட் என்ற பெயருக்கு வரும் மெயில் எங்கே போகிறது என்று பாருங்கள். போஸ்ட்மாஸ்டர், அப்யூஸ் ஆகிய பெயர்களை ரூட்டுக்கும், ரூட்டை நீங்கள் தினமும் படிக்கும் பெட்டிக்கும் திருப்பி, நியூஅலையாசஸ் கட்டளையை ஒருமுறை இயக்குங்கள். போஸ்ட்மாஸ்டர் முகவரி மெயில் ஏற்க வேண்டும் என்பது எஸ்எம்டிபி விதி. உங்கள் ஐபியைப் பற்றி யாரேனும் புகார் எழுதினால் அங்கேதான் எழுதுவார்கள். குறித்த நேரத்தில் தானாக இயங்கும் கிரான் வேலைகளின் பிழைச் செய்திகளும் ரூட்டுக்குத்தான் வரும். இரவு ஆர்சிங்க் நின்றுபோனது உங்களுக்கு அதிலிருந்துதான் தெரியவரும்.

கரிசல்மண்

அந்த மூன்று வரிகளையும் சேர்த்துவிட்டேன். போஸ்ட்மாஸ்டருக்கு வெளியிலிருந்து அனுப்பிய சோதனை மெயில் என் பெட்டிக்கு வந்துவிட்டது. நாளை பொருளாளரின் கைபேசியில் ஐமேப் கணக்கைச் சேர்க்கிறேன்.